இன்னும் வராத அக்டோபரில் ஒன்றேகால் குச்சி மழை

என் கையில் ஒரு தினசரிக் காலண்டர் தாள் இருந்தது. அக்டோபர் மாதத்துத் தேதி ஒன்று, கீழே வருடம், பக்கத்தில் நல்ல நேரம், எமகண்டம். பின்பக்கத்தில் நீலப் பேனாவால் எழுதியிருந்தது: "ரெண்டு மணிக்கு மேகம். ரெண்டரைக்கு மழை. ஒன்னேகால் குச்சி. வெயில் வரல."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தது அதே வருடத்தின் செப்டம்பர் மாதத்தில். அந்த அக்டோபர் வருவதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன.

சிவகாசியில் பேச்சியம்மாள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கையில் அவர் வாங்கிக்கொடுத்த கலர் சோடா, இன்னொரு கையில் வராத மாதத்தில் பெய்த மழை. காலடியில் என் பை. பைக்குள், பேச்சியம்மாளுக்காக பெங்களூரிலிருந்து கொண்டுவந்த மைசூர்பாகு டப்பாவும், என் ஆய்வுக் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக ஒரு வெளிநாட்டு ஆய்விதழ் அனுப்பிய கடிதத்தின் அச்சும் இருந்தன. அந்தக் கட்டுரை முழுக்க முழுக்க இந்தத் தாள்களின் மேல்தான் நின்றது.

"என்னம்மா, கலரைக் குடிக்காம தாளையே பாத்துக்கிட்டு இருக்கீக?"

"இதுல அக்டோபர்னு போட்டிருக்கு. இன்னும் அக்டோபர் வரலையே?"

பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தார். "அது போன வருசத்து மழைல்லா."

"தாள்ல இந்த வருசம் இருக்கே?"

"ஆமா. தாளு இந்த வருசத்துது. மழை போன வருசத்துது."

இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் சொல்லிவிட்டுச் சுவரைக் காட்டினார். அங்கே அடுத்த வருடத்துக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே முருகன் படம். வேல் ஓரிடத்திலும் அதன் மஞ்சள் நிறம் விரற்கடை தள்ளியும் அச்சாகியிருந்தன.

"எங்க வீட்டுக்காரவுக பிரஸ்ல மிசின் ஓட்டுறாகள்லா. கலர் விலகிப் போனத கம்பெனியில தள்ளிருவாக. அதுல ஒன்ன செப்டம்பர்ல வீட்டுக்குக் கொண்டாருவாக. அதத்தான் மாட்டுவோம். பழச வச்சு என்ன செய்ய? அதுல அக்டோபர், நவம்பர்லாம் போன வருசமே கிழிச்சாச்சே!"

கையிலிருந்த தாளைத் திருப்பி, அச்சிட்ட வருடத்தை மறுபடி பார்த்தேன்.

மழை மேல் வழக்கு

பேச்சியம்மாள் யார் என்று சொல்லாமல் ஓடுகிறேன். மல்லாங்கிணற்றிலிருந்து என் தம்பி போன வாரமே போனில் திட்டினான், "அக்கா, நீ எழுதுறது உனக்கும் கடலுக்கும் மட்டும்தான் புரியுது" என்று. இந்தத் தொடரின் சென்ற அத்தியாயத்தில் கடல் வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. இந்த வாரம் தரையில் நடக்கிறேன்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். என் வேலை மழையைப் படிப்பது. தூரத்துக் கடல்கள் சூடாவதற்கும் நம் வானம் பெய்வதற்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பது. ஊர் ஊராக மழைக் கணக்கு வேண்டும். விருதுநகர், சிவகாசிப் பக்கம் மட்டும் என் வரைபடத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பழைய அரசாங்கப் பதிவேடு ஒன்று கிடைத்தது. அதில் மார்ச் முதல் ஜூன் வரையான பக்கங்களைத்தான் படிக்க முடிந்தது. மற்றவை மழையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தன. மழைக் கணக்கை மழையே தின்றுவிட்டது.

மல்லாங்கிணற்றில் மானாவாரிப் பருத்தி போட்ட வீட்டில் பிறந்தவள் நான். என் அப்பா மழையை இரண்டே வகையாகத்தான் பிரிப்பார். உழவுக்கு ஆகும் மழை, ஆகாத மழை. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கட்டுரை எழுத முடியாது. அதனால் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினேன். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் ஈரம் ஆகாது என்பதால், யாராவது ஒருவராவது குறித்து வைத்திருப்பார்கள் என்று ஒரு நப்பாசை.

ஒரு தீப்பெட்டி ஆபீஸில், அங்கே தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள், மேனேஜர் சிரித்துவிட்டார். "எங்ககிட்ட ஏதும்மா மழைக் கணக்கு? வேணும்னா களத்துல பேச்சியம்மாளக் கேளுங்க. மழை மேல கேசு போடுற அளவுக்கு அந்தம்மா காயிதம் வச்சிருக்கு."

களம் என்பது குச்சி காயவைக்கும் சிமெண்ட் தரை. பேச்சியம்மாள்தான் அதற்குப் பொறுப்பு. முன்னொரு காலத்தில் திடீர் மழையில் ஒரு லோடு குச்சி நனைந்து வீணாகிவிட்டது. அப்போதிருந்த சூப்பர்வைசர், மழை வருவதற்கு முன்பே வானம் இருட்டிவிட்டது, நீதான் கவனிக்கவில்லை என்று பழியை இவர் தலையில் போட்டு, ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெயிலடித்துக்கொண்டே பெய்த மழை அது என்று இவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

"அன்னைக்குப் பிடிச்சேன்ம்மா பேனாவ," என்றார் பேச்சியம்மாள். அஞ்சாம் வகுப்புவரை படித்தவர். அன்றிலிருந்து மேகம் எப்போது வந்தது, மழை எப்போது விழுந்தது, எவ்வளவு என்று காலண்டரில் அந்தத் தேதித் தாளைக் கிழித்து எழுதினார். எழுதிய தாளைக் கம்பியில் குத்தினார். ஒரு காலண்டர் தீர்ந்தால் ஒரு கம்பி முடிந்தது. அப்படிச் சுவர் நிறையக் கம்பிகள்.

அளக்கும் முறையைக் கேட்டேன். களத்துச் சுவர் மேல் ஒரு பால்பவுடர் டப்பா வைத்திருந்தார். மழை விட்டதும் மருந்து முக்காத வெள்ளைக் குச்சி ஒன்றை அதற்குள் நட்டமாக நிறுத்துவார். நனைந்த உயரம்தான் மழை; ஒரு குச்சி முழுகினால் அதன் மேல் இன்னொன்றைச் சேர்த்துப் பிடிப்பார். அரைக் குச்சி, முக்கால் குச்சி, ரெண்டு குச்சி. டப்பாவின் சுவர் நேராக இருந்தால் போதும், அகலம் எவ்வளவு என்பது முக்கியமே இல்லை. நான் பட்டப்படிப்பில் படித்த இந்த விஷயத்தை அவர் எங்கேயும் படிக்கவில்லை. குச்சியின் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுமா என்றதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"அளவு மாறுனா பெட்டிக்குள்ள எப்பிடிம்மா அடையும்?"

குச்சியின் நீளத்தைக் குறித்துக்கொண்டேன்.

நடப்புக் கம்பியை மட்டும் சூப்பர்வைசருக்குக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டு, மற்றது அத்தனையையும் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்துவிட்டார். பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட மழை. பத்திரமாகத் திருப்பித் தருகிறேன் என்றேன். "தராட்டி மழையா நின்னுரப் போகுது? கொண்டு போங்க" என்றார். தெருவில் எனக்கு 'மழை டாக்டரம்மா' என்று பெயரும் வைத்துவிட்டார். அதற்கப்புறம் மூட்டு வலிக்கு என்னிடம் மாத்திரை கேட்டவர்கள் நாலைந்து பேர்.

நான் சொன்ன ஒரு வாக்கியம்

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்த அத்தியாயத்துக்கே அர்த்தமில்லை.

என்னிடம் அப்போது ஆய்வு செய்துகொண்டிருந்த நளினிதான் பெங்களூரில் அந்தச் சாக்கைப் பிரித்தாள். பொறுமைசாலி. முதல் கம்பியை எடுத்ததுமே என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், கம்பியில அக்டோபர்தான் அடியில இருக்கு. அதுக்கு மேல நவம்பர், டிசம்பர். அப்புறம்தான் ஜனவரி. எல்லாம் ஒரே வருஷத் தாள். எல்லாக் கம்பியும் இப்படியே இருக்கு."

அன்றைக்கு எனக்கு ஏதோ ஒரு அறிக்கை முடிக்க வேண்டிய அவசரம். பொதுவாகவே எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "படிக்காதவங்க குத்தி வச்சது, முன்னபின்னதான் இருக்கும். தேதிப்படி அடுக்கு" என்றேன்.

நளினி அடுக்கினாள். கம்பியிலிருந்து உருவி, அச்சிட்ட தேதிப்படி ஜனவரி முதல் டிசம்பர் வரை அழகாக அடுக்கினாள். மழை உண்மையில் பெய்த வரிசை அந்தக் கம்பிகளில்தான் இருந்தது. அதை என் வாயாலேயே கலைக்கச் சொன்னேன்.

கோடை மழையைப் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டோம். அச்சாகப் பொருந்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு களத்துப் பெண்மணியின் தீக்குச்சி, அரசாங்க மழைமானிக்கு ஈடாக நிற்கிறது!

ஐப்பசி, கார்த்திகை மழைதான் விசித்திரமாக இருந்தது. மதுரை பெய்தபோது சிவகாசி பெய்யவில்லை. மதுரை காய்ந்தபோது சிவகாசி கொட்டியது. கடலின் வெப்பத்தோடு வைத்துப் பார்த்தால், கடல் சூடான வருடம் போய், அதற்கடுத்த வருடம் இங்கே மழை. எங்கள் துறைத் தலைவர் வரைபடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மதுரையோடு ஒட்டாத மழையைத் தன்னால் நம்ப முடியவில்லை என்றார். அவருக்குக் கரிசல் காட்டைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குள் முணுமுணுத்தேன். வெக்கை பிடித்த எங்கள் பூமி கடலின் செய்தியை ஒரு வருடம் தாமதித்துக் கேட்கிறது என்று கட்டுரை எழுதினேன். யாரும் சொல்லாத விஷயம். ஆய்விதழும் ஏற்றுக்கொண்டது. என் பணி நிரந்தரமாவது அந்தக் கட்டுரையைப் பொறுத்திருந்தது. நளினியின் பட்டமும்தான்.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் மைசூர்பாகோடு சிவகாசிக்கு வந்தேன். சுவரில் தொங்கிய நடப்புக் கம்பியை ஆசையாக எடுத்து, அடித்தாளைத் திருப்பினேன்.

வேன் வராத கிழமை

இனி அந்த நாற்காலிக்குத் திரும்பலாம்.

செப்டம்பரில் வீட்டுக்கு வந்த அடுத்த வருடக் காலண்டரில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கிழிக்கிறார்கள். ஜனவரி பிறந்ததும் அதே காலண்டரில் ஜனவரித் தாளைக் கிழிக்கிறார்கள். அப்படியானால் ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை அச்சிட்ட வருடம் சரி. கோடை மழை பொருந்தியது அதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழை மட்டும் தாளில் அடுத்த வருடத்தில் போய் நிற்கிறது. கரிசல் பூமி எதையும் தாமதித்துக் கேட்கவில்லை. நான்தான் கேட்கவில்லை.

ஒரு கடைசி நம்பிக்கையோடு கேட்டேன். "ஞாயித்துக்கிழமை களத்துல வேலை உண்டா?"

"ஞாயித்துக்கிழமை ஏதும்மா வேலை? ஆள் ஏத்துற கம்பெனி வேனே வராது. ஞாயித்துக்கிழமை மழைய திங்கக்கிழமை வந்துதான் டப்பாவுல பாப்பேன்."

கையிலிருந்த கம்பியில் அக்டோபர், நவம்பர் தாள்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஞாயிறு என்று அச்சிட்ட தாள்கள் இருந்தன. திங்கள் என்று அச்சிட்ட தாள் ஒன்றுகூட இல்லை. அடுத்த வருடத்தில் அதே தேதி ஒரு கிழமை தள்ளி விழும். போன வருடத்து ஞாயிறு, இந்தத் தாளில் திங்கள்.

"கிழமை தப்பாயிருக்குமே, வீட்ல யாரும் குழம்பலையா?"

"நல்ல நேரம், கிழமையெல்லாம் பக்கத்து வீட்ல பாத்துக்கிடுவோம். இது மழை எழுத மட்டும்தான்." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏம்மா, நான் எழுதுனதுல எதுவும் தப்பாப் போச்சா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டார்.

"தப்புன்னா சொல்லிருங்கம்மா. மழை பெஞ்சுச்சுன்னு வாயால சொன்னேன், நம்பல. அதுக்குத்தான் எழுதுனேன். எழுதுனதும் பொய்யாப் போச்சுன்னா நான் இனி எதக் காட்ட?"

பைக்குள் இருந்த கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. வருடம் மாறிப்போன விஷயத்தை நான் சொல்லாமல் விட்டிருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் வீட்டுச் சுவரை வந்து பார்க்கப் போகிறவர் யார்? பொய் சொல்லவில்லை, மறைத்துவிடலாமே என்ற எண்ணம் எனக்கு வந்தது. ஒரு டம்ளர் கலரைக் குடித்து முடிக்கிற நேரம்வரை இருந்தது. ஆனால் அந்தக் கட்டுரை அப்படியே அச்சில் வந்தால், பொய் சொன்னவர் பேச்சியம்மாள் என்றாகிவிடும். அவர் எழுதிய ஒரு வரிகூடப் பொய்யில்லை.

"நீங்க எழுதுனது அம்புட்டும் சரி," என்றேன். பெங்களூருக்குப் போய்ப் பல வருடமாகியும் அவசரத்துக்கு வருவது ஊர்ப் பேச்சுதான். "தாள் எந்த வருசத்துதுன்னு நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல."

"கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேனே," என்றார்.

அவ்வளவுதான் விஷயம்.

திரும்பப் பெற்ற கட்டுரை

பெங்களூருக்குப் போய் எல்லாத் தாள்களையும் கிழமைப்படி பார்த்தோம். ஐப்பசி, கார்த்திகைத் தாள்களில் வருடா வருடம் திங்கள் இல்லை. லீப் வருடத் தாள்களில் மட்டும், கிழமை இரண்டு தள்ளி விழுவதால், திங்கள் இருந்தது, செவ்வாய் இல்லை. சந்தேகமே இல்லாமல் போயிற்று. நளினியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதாள். நானும்தான்.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆய்விதழுக்கு எழுதினேன். காரணத்தை ஒளிக்காமல் எழுதினேன். துறைத் தலைவர் அறைக்குப் போனேன். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லலாம். அந்த உரிமை அவருக்கு இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பிழையைக் கண்டுபிடித்தது யார்? பேச்சியம்மாள் என்றேன். அப்படியானால் திருத்திய கட்டுரையில் அவர் பெயரையும் ஆசிரியராகப் போடு என்றார். அந்த மனிதரை மனசுக்குள் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! இன்றைக்கு இந்தப் பக்கத்தில் அவருக்கு ஒரு கும்பிடு.

நிரந்தரப் பணி இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று. நளினி பட்டம் வாங்குவதற்கும் கூடுதலாக ஒரு வருடமாயிற்று. அந்த நாட்களில் என்னை யாரும் தட்டிக்கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வருடத்தைத் திருத்தியதும் சிவகாசி மழை மதுரையோடு கைகோத்து நடந்தது. புதுமை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பகுதிக்கு நம்பகமான, நீண்ட மழைக் கணக்கு முதல் தடவையாகக் கிடைத்தது. இரண்டாவது கட்டுரையில் பேச்சியம்மாளின் நிறுவனம் எது என்று ஆய்விதழ் கேட்டது. 'காயவைக்கும் களம், தீப்பெட்டித் தொழிற்சாலை, சிவகாசி' என்று எழுதி அனுப்பினேன். அப்படியே அச்சிட்டார்கள்.

இத்தனை வருடத்தில் நான் எழுதியவற்றில் மற்றவர்கள் அதிகம் எடுத்துக் கையாண்டது எதுவென்று கேட்டால், கடலைப் பற்றி மூளையைக் கசக்கி எழுதிய எதுவும் இல்லை. அந்தக் கட்டுரையின் கடைசியில் பிழை நடந்த விதத்தை விவரித்த ஒன்றரைப் பக்கம்தான். பழைய டைரி, கோயில் குறிப்பு, தோட்டக் கணக்கு என்று எதை எடுத்தாலும், எழுதியவரிடமோ அவர் வீட்டாரிடமோ போய், எந்தத் தாளில், எப்படி எழுதினார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தேன். என் மாணவர்கள் அதற்குப் 'பேச்சியம்மாள் கேள்வி' என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் அவர்களோடு ஊர் ஊராகப் போயிற்று. ஒருமுறை வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றில், எனக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மையார், மேடையில் இருந்தவரைப் பார்த்து, பேச்சியம்மாள் கேள்வியைக் கேட்டீர்களா என்றார். பேச்சியம்மாள் என்பது ஏதோ கணித முறை என்று அந்த அம்மையார் நினைத்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் பேச்சியம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் யோசித்தார்.

"எம் பேரச் சொல்லிக் கேக்காக. சரி. என்னைய ஒருநாளும் கூப்பிட மாட்டாகளோ?"

அடுத்த கருத்தரங்கை விருதுநகரில் வைத்தேன்.

கம்பெனி வேனில்தான் வந்து இறங்கினார். புதுச் சேலை. கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் அந்த வருடத்துக் கம்பி. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான ஒவ்வொரு தாளிலும் அச்சிட்ட வருடத்தை அடித்துவிட்டு, மழை பெய்த வருடத்தைத் தன் கையால் எழுதியிருந்தார். முதல் வரிசையில் உட்கார வைத்தோம். நளினி பக்கத்தில் உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் அவர் காதில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வடக்கிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர், ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய டைரிகளை வைத்துத் தயாரித்த மழை வரைகோட்டைத் திரையில் காட்டினார். அழகான கோடு. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கேள்விகள் உண்டா என்றதும் பேச்சியம்மாள் கையை உயர்த்தினார்.

"தம்பி, அது எந்த வருசத்து டைரின்னு எழுதுனவுககிட்ட கேட்டீகளா?" என்றார். "ஏன்னா டைரியும் எங்க ஊர்லதான் அடிக்காக."

நளினி ஆங்கிலத்தில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆய்வாளர் திரும்பித் திரையிலிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அரங்கத்தில் ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார்கள். அடுத்துப் பேச வேண்டியவள் நான். நானும் என் தாள்களை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.